கல் தட்டாத குழி

குழி வெட்டப் போன மாம்பெத் கூடார வாசலில் நின்று மண்வெட்டியை வழித்துக்கொண்டே, “அரை நாள்ல முடிஞ்சிருச்சு. ஒரு கல்லு தட்டல. வெண்ணெய் மாதிரி மண்ணு!” என்றான்.

உள்ளே ஒப்பாரி ஒரு நொடி நின்றது. “தோக்தோசுன் அண்ணன் தங்கமான மனுஷன்ல, மண்ணே வழிவிட்டிருக்கு” என்றாள் பக்கத்து வீட்டுச் சாலிமா.

திரைக்குப் பின்னால் தோக்தோசுனின் உடல் கிடத்தப்பட்டிருந்தது. கை கழுவும் கூஜாவோடு வெளியே வந்த அவர் மகள் ஜிபார், வழித்துப் போட்ட மண்ணில் பாசியைப் பார்த்தாள். ஊஸ்கென் பள்ளிக்கூடத்தில் செடிகொடிப் பாடம் எடுப்பவள் அவள். குழி வெட்டியிருந்த அந்த வறட்டு மேட்டில் கூரைப்பாசியைத் தவிர வேறென்ன முளைக்கும்? அது காய்ந்து சுருண்டிருக்கும். தண்ணீர் பட்டால் விரியும். இலை நுனியில் வெள்ளை முடி தெரியும்.

தண்ணீர் விட்டாள். விரிய எதுவுமில்லை, ஏற்கெனவே ஊறியிருந்தது. முடி இல்லை. தண்டு செம்பழுப்பு. அடியில் சுண்ணாம்பு மணல்போல் படிந்திருந்தது. ஊற்றுக் கசிவில் மட்டும் வளரும் பாசி! இன்னும் சற்று நேரத்தில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அந்தச் சரிவில் போய் நிற்பார்கள், அவள் புருஷனும்தான். பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை.

வாசலில் கோலூன்றி அழுதுகொண்டிருந்த அண்ணன் எசெனை இழுத்தாள்.

“அண்ணே, அங்க வேணாம். மேட்டுக்குள்ள தண்ணி ஓடுது. சரிஞ்சிரும்.”

“பாடம் எடுக்கிற நேரமாடி இது? பாசியப் பாத்துட்டு குழிய மாத்தினேன்னு சொன்னா சிரிப்பாங்க. கல்லுல வெட்டினா அப்பாவத்தான் பேசுவாங்க.”

“பேசட்டும். போன வருஷம் கீழூர்ல மண்ணு சரிஞ்சு புதைஞ்சு போனவங்களுக்கு யாரும் குழியே வெட்டல.”

எசென் அவள் கையிலிருந்த பாசியை, பிறகு முகத்தைப் பார்த்தான். பெரியவர்களிடம் போய், எதிர்ப்பக்கக் கல்மேடுதான் வேண்டும் என்று அப்பா கடைசியாகக் கேட்டதாகச் சொன்னான். கடைசி ஆசையை யாரும் தட்டவில்லை.

ஜிபார் உள்ளே போய், ஒப்பாரி வைக்கும் பெண்களின் வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். எதிர்மேட்டிலிருந்து கடப்பாரைச் சத்தம் வந்தது. ணங். ணங். வெயில் சாய்ந்தும் ஓயவில்லை.

“மண்ணே வாங்க மாட்டேங்குது பாரு” என்று சாலிமா யார் காதிலோ சொன்னாள். “உள்ளுக்குள்ள என்னென்ன செஞ்சு வச்சாரோ.”

ஜிபாருக்கு முகம் எரிந்தது. மறுபடி ஒப்பாரியில் சேர்ந்து, அப்பாவின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். கடப்பாரை நின்றபோதெல்லாம், கைவிட்டுப் பழைய குழிக்கே போய்விடுவார்களோ என்று அவள் குரலும் நின்றது. அடுத்த ணங் கேட்ட பிறகே மூச்சு வந்தது.