ஆணியில் மாட்டிய கருத்து

மாசிலாமணிக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை வரிசை மாற்றாமல் சொல்ல வேண்டும். முதலில், தெற்குத் தெருக்காரர்கள் செத்தால் ஊர்ச் சுடுகாட்டுக்கு வரக்கூடாது, கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு வேறிடம் போக வேண்டும் என்றார்கள். அடுத்து, அதை எதிர்த்து அவர் அடித்த துண்டறிக்கையில் வறுகடலை மடித்தார்கள். பிறகு, அவர் உண்ணாவிரதம் உட்கார்ந்த பந்தலுக்கு எதிரே பரோட்டாக் கடை திறந்தார்கள். கடைசி அநியாயம்தான் பெரியது. அவர் போட்ட வழக்கில் அவரை ஜெயிக்க வைத்தார்கள். ஒவ்வொரு வாய்தாவிலும்.

கொக்கரைப்பட்டி கோர்ட்டில் கருத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிடரிக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தால் வந்துவிடும். வாசலில் காவலிருக்கும் ஜெயக்கொடி அதை வாங்கி ஆணியில் மாட்டி, நோட்டில் பெயரைப் பதிந்துவிட்டு டோக்கன் கொடுப்பாள். மாசிலாமணியின் கருத்து அவரே வளர்த்தது. அச்சு மை வாசம் அடிக்கும், கைபட்டால் சிலிர்த்துக்கொள்ளும். வழக்கின் எதிராளி ரைஸ்மில் நல்லபெருமாளுடையது தாத்தா காலத்தது. அளவு சரியில்லாமல் அக்குளில் பிடிக்கும். ஆனாலும் விடமாட்டார்.

அன்றும் உள்ளே எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

"ரெண்டு சுடுகாடு எதுக்கு?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

நல்லபெருமாள் யோசித்தார். "தெரியலையேம்மா. ஒண்ணா எரிச்சா பொணம் சண்டை போட்டுக்கும்னு சொல்லுவாங்க."

"போட்டதுக்குச் சாட்சி?"

"யாரும் பாத்ததில்ல."

"யார் அப்படிச் சொன்னது?"

"சொன்னவங்களும் கேள்விப்பட்டதுதான்."

நீதிபதியம்மா மாசிலாமணி பக்கம் திரும்பினார். "ஒரே சுடுகாடுன்னா நெரிசல் ஆகாதா?"

வெளியே என்றால் இந்தக் கேள்விக்கு அவர் மைக் கேட்டிருப்பார். இப்போது, "ஆகும். இன்னொரு மேடை கட்டணும்" என்றார்.

பொதுச் சுடுகாடு என்று தீர்ப்பு எழுதினார்கள். வழக்கமாக இதற்குப் பிறகு இருவரும் வெளியே வந்து டோக்கன் கொடுத்து அவரவர் கருத்தை மாட்டிக்கொள்வார்கள். மாசிலாமணி கோஷம் போடுவார். நல்லபெருமாள் அங்கேயே படியில் உட்கார்ந்து அப்பீல் எழுதுவார்.

அன்று ஜெயக்கொடி பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். இருவரும் வெறும் பிடரியோடு படியில் உட்கார்ந்தார்கள்.

"ஏன் மாசிலாமணி, உள்ள ஒத்துக்கிட்டதை வெளிய வந்து மறுக்கிறேனே, எதனால?"

"உங்க கருத்தை மாட்டிக்கிறீங்களே மில்லுக்காரரே, அதனால."

"மாட்டாம வீட்டுக்குப் போயிட்டா?"

"தீர்ப்பு நிக்கும்."

"அப்ப நீயும் மாட்டாத."

"என்னுது சரியான கருத்து. கோர்ட்டே சொல்லியிருக்கு."

"இருந்துட்டுப் போகுது. அதை மாட்டினதும் நீ என்னைய வைவ. வஞ்சா எனக்கு ரோஷம் வரும். நான் ஓடிவந்து என்னோடதை எடுத்து மாட்டிக்குவேன்."

மாசிலாமணி இதை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்லை. அந்தக் கருத்துக்காகத்தான் ஊர் அவரை மேடைக்குக் கூப்பிட்டது, அதற்காகத்தான் போலீஸ் அடித்தது. அது இல்லாமல் போனால் அவர் தெற்குத் தெருவில் சும்மா ஒரு கிழவர். அது இருக்கிறவரை தெற்குத் தெருப் பிணங்கள் கருவேலங்காட்டைச் சுற்றும்.

ஜெயக்கொடி வந்து பூட்டைத் திறந்தாள். "டோக்கனைக் குடுங்க."

யாரும் கொடுக்கவில்லை.

"என்ன, ரெண்டு பேரும் புதுசா முழிக்கிறீங்க? அஞ்சு மணிக்குள்ள எடுக்கலைன்னா அதுக்கு மூச்சு நின்னுடும். பொறவு வந்து எங்கிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது."

"ஒருக்காப் பாத்துக்கிறேன் தாயி" என்றார் மாசிலாமணி. ஆணியில் இருந்த கருத்து அவரைக் கண்டதும் நிமிர்ந்தது. அவர் அதன் முதுகை நீவினார். பிறகு டோக்கனை வாயில் போட்டு மென்று விழுங்கினார். நல்லபெருமாள் தன்னுடையதைப் படியில் இறங்கும்போதே விழுங்கியிருந்தார்.

தீர்ப்பு நின்றது. மறுநாள் காலையில் தெற்குத் தெருவை மறித்து நின்ற சுடுகாட்டுச் சுவரை இடித்தார்கள். இரண்டு கருத்துகளும் செத்துக் கிடந்ததால் அவற்றையே முதலில் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. ஒன்றுக்கு மாசிலாமணி முன்பக்கம் தோள்கொடுக்க, நல்லபெருமாள் பின்பக்கம் பிடித்தார். இன்னொன்றுக்கு இடம் மாறிக்கொண்டார்கள். பிணங்கள் சண்டை போடவில்லை.

கொள்ளி வைக்கும் முன் இறந்தவர் பெயரைச் சாட்சிகள் முன் வாசிக்க வேண்டும். ஜெயக்கொடி கொண்டுவந்திருந்த நோட்டில் நல்லபெருமாளுடையது தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா முன்பே இறந்துவிட்டதால் அதில் சிக்கல் இல்லை.

ஜெயக்கொடி அடுத்ததற்கு வந்தாள். "சாட்சி யாரு?"

"நான்தான்" என்று மாசிலாமணி முன்னால் வந்து நின்றார்.

"ஆளை அடையாளம் தெரியுதா?"

"நல்லாத் தெரியும். நல்ல மனுஷன். கொஞ்சம் சத்தமாப் பேசுவார்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள்.

"தெற்குத் தெரு, மாரிமுத்து மகன் மாசிலாமணி."