முன்னால் நிற்கும் பதின்மூன்று பேர்

எதிர்வீட்டு சௌந்திரம் அக்காவின் மகன் மணியன் எம்.பி.ஏ. படிக்க மெட்ராஸில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டான். இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டதற்கே தெருவெல்லாம் ஜிலேபி வந்தது. வெயிட்டிங் லிஸ்டில் பதினான்காம் இடம் என்று கடிதம் வந்த அன்று அந்த வீட்டில் ரேடியோகூடப் பாடவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா தினமும் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

"என்ன வேண்டுதலுங்க அக்கா?" என்றேன். கேட்காமல் எப்படி இருப்பது?

"முன்னால நிக்கற பதிமூணு பசங்களும் படுக்கையில உழோணும். உசுருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, பாவம்."

என்ன ஒரு இளகிய மனசு!

ஜூலையில் இடம் கிடைத்துவிட்டதாகத் தந்தி வந்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை காலையில் மணியனுக்கு அம்மை போட்டுவிட்டது.

"நான் போயி நாலு நாள் தவணை கேட்டுட்டு வாரேன்" என்று அவன் அப்பா சின்னுசாமி பையை எடுத்தார். வாசலில் வேப்பிலை செருகிக்கொண்டிருந்த அக்கா குறுக்கே நின்றாள்.

"ஆத்தா ஊட்டுக்கு வந்திருக்கறப்ப படி தாண்டறீங்களாக்கும்?"

மணியனுக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் அந்த இடம் பதினைந்தாம் பையனுக்குப் போய்விட்டது.

"அவனப் பெத்தவ எந்தக் கோயில்ல என்னன்னு வேண்டுனாளோ, பாவி!" என்று அக்கா என்னிடம் வந்து அழுதாள்.

"உசுருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் அவுங்களும் வேண்டியிருப்பாங்க, அக்கா" என்றேன்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை.