டோர்வாலுக்குப் புறப்பட்டவர்கள்

மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் வசித்த ஞானேந்திரனின் பாய்ப்படகு, புவாண்ட்-கிளேரில் ஏரியில் இறக்கப்பட்ட முதல் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னதாக ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையைப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் புறப்பட்டது டோர்வாலுக்கு. டோர்வால் அதே ஏரியின் அதே கரையில் இருக்கிறது. காரில் போனால் இரண்டு பாட்டு முடிவதற்குள் வந்துவிடும். அன்று ஏரியில் மூடுபனி இருந்தது. பனி விலகியபோது வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் செங்குத்தான பச்சை மலைகளும், அவற்றில் ஆடுகளும் நின்றன. டோர்வாலில் இவ்வளவு ஆடு வளர்க்கிறார்கள் என்பது தனக்குத் தெரியாது என்றார் ஞானேந்திரன். மகள் நிரோஜாவின் கைபேசிக்கு, ஐக்கிய இராச்சியத்துக்கு நல்வரவு, இங்கே அழைப்புகளுக்குக் கட்டணம் வேறு என்று செய்தி வந்தது. அவள் அதை அப்பாவுக்குக் காட்டினாள். இந்தக் கம்பனிக்காரர் காசு பிடுங்குவதற்கு எதையும் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு, அவர் மனைவி அஜிதாவிடம் வலப்பக்கக் கயிற்றை இழுக்கச் சொன்னார். அஜிதா விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பாக இருந்தது.

ஞானேந்திரன் புவாண்ட்-கிளேரில் ஒரு பொருட்கிடங்கில் மேற்பார்வையாளர். எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்வது அவருடைய தொழில். மாலையில் வீட்டுக்கு வந்தும் அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. பிறந்தது உரும்பிராயில். உரும்பிராயில் கடல் இல்லை. அங்கே அவர் நெருங்கிப் பழகிய மிகப் பெரிய நீர்நிலை, பெரியப்பாவின் வெங்காயத் தோட்டத்துக் கிணறு. ஆனால் மொன்றியலுக்கு வந்தபின் ஒவ்வொரு பனிக்காலத்திலும் அவருடைய பேச்சில் ஊருக்கும் கடலுக்கும் உள்ள தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்து, ஐம்பது வயதானபோது அவர் அலைச் சத்தத்தில் தூங்கி எழும்பி வளர்ந்தவராகிவிட்டார். கிடங்குக்கு அருகே இருந்த ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் தன் சிறிய படகை விற்கிறார் என்று தெரிந்ததும் வாங்கி, அதன் பக்கத்தில் தமிழில் 'கடலரசன்' என்று எழுதினார். ஏரியில் ஓடுவதற்கு எதற்குக் கடலரசன் என்று அஜிதா கேட்டாள். இங்கே அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏரிப் பக்கம் வருவதில்லை என்றார். தனக்கு நீந்தத் தெரியாது என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் அவர்கள் டோர்வாலுக்குப் புறப்பட்டு ஸ்கொட்லாந்துக்குப் போனார்கள். திரும்பும்போது படகின் மூக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பனிக்குள் நுழைந்து, தண்ணீர் இனிக்கத் தொடங்கி, புவாண்ட்-கிளேரில் வந்து முட்டும். படகுத் துறைக்காரர் ஒரே ஒரு முறை முறைப்பாடு சொன்னார்: அடிப்பாகத்தில் கடற்பாசியோடு வந்து கட்டுகிறீர்கள், கழுவிவிட்டுப் போங்கள் என்று. அஹுன்ட்சிக்கில் தெரிந்தவர்கள் யாரும் பெரிதாக வியக்கவில்லை. அவர்களில் ஒருவர் ஆபிரிக்காவில் இறங்கி, ரஷ்யக் காட்டில் நடந்து, எல்லைக்கொரு பெயரோடு கனடா வந்தவர். இன்னொருவர் தன் மனைவியைச் சந்திப்பதற்கு முன்பே அவளுடைய தம்பியின் கடவுச்சீட்டில் அவனாகப் பயணம் செய்தவர். ஏரி வழியாக ஸ்கொட்லாந்து போவது அவர்களுக்குச் சுற்றில்லாத நல்ல பாதையாகவே பட்டது. திரும்பி வரும்போது யாராவது மறித்துக் கேள்வி கேட்டார்களா என்று மட்டும் விசாரித்தார்கள். இல்லை என்றதும் பேச்சு வேறு பக்கம் போனது.

ஞானேந்திரன் கடலில் கால் வைத்த நேரம் முதல் சத்தி எடுத்தார். சம்பலில் புளி கூடிவிட்டது என்றார். சம்பல் கொண்டுபோகாத நாளில் வெறும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஒரு முறை அழகான குடா ஒன்றில் நங்கூரம் போட்டு, இங்கே தண்ணீர் அசையாது, பயமில்லாமல் சாப்பிடுங்கள் என்று அறிவித்தார். ரோல்ஸ் முடிவதற்குள் கடல் வற்றிப் போய்விட்டது. படகு சேற்றில் சரிந்து கிடக்க, மூவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி, கடல் திரும்பி வரும்வரை அரை நாள் உட்கார்ந்திருந்தார்கள். கடல்நாய்கள் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துவிட்டுப் போயின. படகின் அடியைப் பரிசோதிப்பதற்காகத் தான் வேண்டுமென்றே நிறுத்தியதாக ஞானேந்திரன் சொன்னபோது நிரோஜா சிரித்தாள். வீட்டில் அப்பாவுக்குப் பிரெஞ்சில் இரண்டு சொல்லுக்கு மேல் பதில் சொல்லாத பிள்ளை அன்று சேற்றில் இருந்துகொண்டு தமிழில் பிதற்றினாள். அஜிதாவும் சிரித்தாள். அவள் சென்-லோறன்டில் ஒரு garderie-யில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்தாள். கிழமை முழுவதும் சின்னப் பிள்ளைகள் அவளுடைய இரண்டு கைகளிலும் தொங்கிக்கொண்டிருப்பார்கள். சும்மா இருப்பதற்கு அவளுக்குக் கிடைத்த முதல் இடம் அந்தச் சேறுதான்.

அடுத்த கோடையில் அஜிதாவை ஸ்கொட்லாந்தில் விட்டுவிட்டு வந்தார்கள். வேண்டுமென்று செய்ததல்ல. பெயரின் எழுத்து ஒரு மாதிரியும் உச்சரிப்பு வேறு மாதிரியும் கொண்ட ஒரு தீவில் படகைக் கரையோடு அணைத்தார்கள். கயிற்றைப் பிடி, அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம், குதி, இப்ப வேண்டாம், இப்ப என்று ஞானேந்திரன் கத்திக்கொண்டிருந்தார். அஜிதா கயிற்றோடு இறங்குதுறையில் குதித்து, இரும்புக் கட்டையில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டு நிமிர்ந்தாள். கயிற்றின் மறுமுனை தண்ணீரில் மிதந்தது. அதைப் படகில் கட்டியிருக்க வேண்டியவர் ஞானேந்திரன். அப்போது பனி இறங்கியது. அவர் பாயை ஏற்றி இறக்கிச் சரிசெய்து முடித்தபோது தண்ணீர் இனிப்பாகிவிட்டது. முன்னால் புவாண்ட்-கிளேர் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது.

அஜிதாவின் தமையன் குணரத்தினம் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுபவர். செய்தி கேட்டு வந்தவர், தங்கச்சியிடம் ஜக்கெற் இருக்கிறதா என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் ஞானேந்திரனை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கே அஜிதா தொலைபேசியில் வந்தாள். மோராக் என்ற, தனியாக ஆடு வளர்க்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். மோராக்கின் ஆங்கிலம் அஜிதாவுக்குப் பிடிபடவில்லை, அஜிதாவின் ஆங்கிலம் மோராக்குக்குப் பிடிபடவில்லை. இருவருக்கும் அது நிம்மதியாக இருந்தது. ஞானேந்திரன் வருகிற சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஸ்கொட்லாந்துக்குப் புறப்பட்டு டோர்வாலுக்குப் போனார். அடுத்த சனிக்கிழமையும் டோர்வால். கடல் வரைபடங்கள் வாங்கினார், திசைகாட்டி வாங்கினார், பாய்ப்படகு ஓட்டும் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். பெரும்காற்றில் போனார், பனியைப் பார்த்துக் காத்திருந்து போனார். நிரோஜா சொன்னபடி, டோர்வாலுக்கே போவதாக மனதில் நினைத்துக்கொண்டும் புறப்பட்டுப் பார்த்தார். அன்றும் டோர்வாலுக்கே போனார். போன கோடையில் ஒரு தடவைகூட வாய்க்காத டோர்வால் இப்போது தவறாமல் வாய்த்தது. அங்கே கரையில் நாய் கூட்டிவரும் மனிதர் ஒருவர் அவருக்கு bonjour சொல்லிப் பழகிவிட்டார்.

வீட்டில் நிரோஜா சமைத்தாள், இல்லையென்றால் இருவரும் பாண் சாப்பிட்டார்கள். அஜிதாவின் அழைப்புகள் சுருங்கிக்கொண்டு வந்தன. அவளுடைய குரலோ நாளுக்கு நாள் தெளிந்தது. ஆட்டுக்கு மயிர் வெட்டப் பழகிவிட்டேன் என்றாள். மோராக்கின் கணவன் விட்டுப்போன படகை ஓட்டப் பழகிவிட்டேன், சாமான் வாங்க அதிலேதான் அடுத்த தீவுக்குப் போய் வருகிறேன் என்றாள். எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்டு இரண்டு மூன்று கிழமை ஆகிவிட்டது என்பதை ஞானேந்திரன் ஒரு நாள் வேலையில், பெட்டிகளுக்கு நடுவில் நின்றபோது கவனித்தார். கவனித்ததும் ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். அன்று மாலை அவரே அழைத்தார்.

"உமக்கு வீட்டை வர விருப்பமில்லையோ?"

அஜிதாவுக்குப் பின்னால் ஆடு ஒன்று கத்தியது.

"இஞ்சை ஒருத்தரும் எனக்கு அதைப் பிடி, இதை இழு எண்டு சொல்லுறேல்லை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குணரத்தினம் வந்திருந்தபோது, ஞானேந்திரன் மேசை முழுவதும் வரைபடத்தை விரித்து, ஐப்பசி மாதக் காற்று எந்தத் திசையில் எழும்பும், வற்றும் பெருக்கும் எப்படி மாறும் என்று அவருக்கு விளக்கினார். குணரத்தினம் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார்.

"மச்சான், ஸ்கொட்லாந்துக்குப் பிளேன் போறேல்லையோ?"

நிரோஜா கைபேசியில் பார்த்தாள். போனது.

ஞானேந்திரன் விமானத்தில் கிளாஸ்கோ போய், பேருந்தில் மலைகளுக்குள்ளால் போய், பெரிய கப்பலில் தீவுக்குப் போனார். கப்பலில் குழந்தைகள் ஓடி விளையாடினார்கள். அவர் மட்டும் வாளியோடு இருந்தார். இறங்குதுறையிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறியபோது, முழங்கால்வரை சப்பாத்து போட்ட ஒரு பெண் வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டு நின்றாள். அது அஜிதா என்று தெரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் அவரையும் பெட்டியையும் பார்த்தாள்.

"பிளேனிலையோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"அப்ப அண்டைக்கே வந்திருக்கலாமே."

வரும் வழி முழுவதும் அவர் சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தார். காற்றைப் பற்றியும், சான்றிதழைப் பற்றியும். உம்மை விட்டிட்டு இருக்க எனக்குச் சரிவரேல்லை என்று மட்டும்தான் வந்தது. அதைக்கூட ஆட்டைப் பார்த்துத்தான் சொன்னார். அஜிதா கம்பியை முறுக்கி முடித்தாள்.

"வாறன். ஆனா நீங்கள் சொல்லி இனி நான் கயிறு பிடிக்க மாட்டன்."

"பேந்து ஆர் பிடிக்கிறது?"

"நீங்கள் பிடியுங்கோ. நான் ஓட்டுறன்."

மோராக் அவருக்குச் சூப் கொடுத்தாள். அவர் பெட்டியைத் திறந்து அஜிதாவின் ஜக்கெற், மருந்துக் குளிசைகள், மிளகாய்த்தூள், இடியப்ப உரல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். அவளுடைய கடவுச்சீட்டு மட்டும் அதில் இல்லை. அது அஹுன்ட்சிக்கில், சான்றிதழ் தொங்கிய சுவருக்குக் கீழே, மேசை லாச்சிக்குள் இருந்தது. அஜிதா மோராக்கிடம் போய்ப் படகை இரவல் கேட்டாள்.

காலையில் புறப்பட்டார்கள். அஜிதா சுக்கானைப் பிடித்தாள். ஞானேந்திரன் முன்னால் உட்கார்ந்து, சொன்னபோது கயிற்றை இழுத்தார், சொன்னபோது விட்டார், இடையில் சத்தி எடுத்தார். சம்பலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கட்டளையிடும் வேலை இல்லாததால் அன்றுதான் அவர் முதல் முறையாகக் கடலைப் பார்த்தார். அது மிகவும் பெரிதாக இருந்தது. தனக்குப் பயமாக இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். தெரியும், அந்தக் கயிற்றைக் கொஞ்சம் இளக்குங்கள் என்றாள் அஜிதா. அவர் இளக்கினார். மத்தியானத்துக்குப் பிறகு பனி வந்தது, தண்ணீர் இனித்தது, அவர்கள் புவாண்ட்-கிளேரில் அவள் நினைத்த இடத்தில் வந்து சேர்ந்தார்கள். குணரத்தினம் லொறியோடு வந்து நின்றார். ஞானேந்திரனுடைய திரும்பும் விமானத்தில் அவருடைய இருக்கை வெறுமையாக மொன்றியல் வந்தது.

இரவல் படகை அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனார்கள். 'கடலரசனை'ப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், அதில் திரும்பி வந்தார்கள். அதன் பிறகு ஏரி உறையும்வரை அஜிதா விரும்பிய சனிக்கிழமைகளில் ஸ்கொட்லாந்துக்கும், விரும்பாத சனிக்கிழமைகளில் டோர்வாலுக்கும் போனாள். இரண்டு இடத்துக்கும் போகத் தனக்குத் தெரியும் என்பதற்கு மேல் அவள் விளக்கம் சொன்னதில்லை. கிடங்கில் ஞானேந்திரன் பெட்டிகளைப் பற்றி இன்னும் கத்துகிறார். வீட்டில், ஒரு கட்டளையைச் சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்திவிடும் பழக்கம் அவருக்கு வந்திருக்கிறது.

அடுத்த ஆனியில் நிரோஜா கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு வீட்டில் விருந்து வைத்தார்கள். மோராக் பச்சைத் தொப்பியும் ஒரு மூட்டைக் கம்பளி நூலுமாகத் தன் படகில் வந்து இறங்கினாள். இடியப்பத்தையும் சொதியையும் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். விருந்துக்கு வந்தவர்களுக்கு அவளை ஸ்கொட்லாந்துக்காரி என்றும், காலையில் ஏரியால் வந்தவள் என்றும் அறிமுகம் செய்தார்கள். அவர்களில் பலர் அவளிடம், சனிக்கிழமையில் புவாண்ட்-கிளேர்ப் பக்கம் படகை நிறுத்துவதற்கு இடம் கிடைத்ததா என்று கேட்டார்கள். கொஞ்சம் தேட வேண்டியிருந்தது, ஆனால் கிடைத்தது என்றாள் மோராக்.