நாற்பத்தோராவது பெட்டி

1984 மே மாதம், கத்திரி வெயிலில், சேலையூர் கேம்ப் ரோட்டில் நான்கு பேருக்கு ஸ்பீக்கர் கேட்டுக் குளிர் ஜுரம் வந்தது. மைக் செட் வாடகைக்கு விடும் அமீருதீன் அந்த ஸ்பீக்கர் பெட்டியைக் காஷ்மீர் ஆப்பிள் வந்த பலகையில் செய்திருந்தார். ஆகவே யாரும் அதிகம் வியக்கவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டார்கள். அடுத்தது மாதா கோயிலில் கழித்துப்போட்ட பெஞ்சில் செய்தது. அதில் டப்பாங்குத்து ஒலித்தாலும் டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் முட்டி போட்டார்கள். ஒரே கேசட், ஒரே ஆம்ப்ளிஃபயர். பெட்டி மாறினால் பாட்டே மாறியது. ஏன் என்று அமீருதீன் கல்லூரியில் பௌதிகம் நடத்தும் யக்ஞநாராயணனிடம் கேட்டார். "பலகை, உள்ளே அதிர்ற காகிதம், கேக்கற ரூம், மூணும் சேர்ந்துதான் பாடறது பாய். நாலாவது அவாவா காது. அது மட்டும் நம்ம கையில இல்ல" என்றார் அவர்.

முதல் மூன்றை ஒப்புக்கொண்ட அமீருதீன் நாலாவதை ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் அவர் மனைவி ஜஹீரா. 1982இல் வந்த டைபாய்டு போகும்போது ஜஹீராவின் காதுகளையும் கொண்டுபோய்விட்டது. காது கேளாததற்கு ஜஹீரா மூன்று மாதத்தில் பழகிவிட்டார். கணவருக்குத்தான் பன்னிரண்டு வருஷமாகியும் பழகவில்லை. தன் குரல் ஜஹீராவுக்கு ஒரு தடவையாவது கேட்க வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷனின் ஆசை. சத்தம் போதவில்லை என்று மைக் செட்காரர் புத்தி சொன்னது. வருஷத்துக்கு மூன்று நான்கு பெட்டி செய்தார், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பலமாக. முப்பதாவது பெட்டி பாடிய நாளில் பீர்க்கன்கரணை ஏரி நாலடி உள்வாங்கியது. கொக்குகள் மேடவாக்கத்துக்குக் குடிபோயின. "அண்ணா, எங்க வூட்ல குக்கர் விசில் வருதா இல்லியான்னே தெரியல, பேஜாரா கீது" என்று பக்கத்து வீட்டு ஹில்டா மதில் மேல் எட்டிப் பார்த்துச் சண்டை போட்டார். ஜஹீரா மட்டும், பாவம், எதுவும் அறியாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் எதிரொலி அடங்கப் பஞ்சு அடைப்பது வழக்கம். 1994 நவம்பர் மழையில் பஞ்சுக் கடை மூடியிருந்தது. பொறுமையில்லாத மனுஷன் ஜஹீராவின் தலையணையைக் கிழித்து, பன்னிரண்டு வருஷத் தூக்கம் ஏறிய இலவம்பஞ்சை எல்லாம் நாற்பத்தோராவது பெட்டிக்குள் திணித்தார். சாயங்காலம் கேசட்டைப் போட்டார். கேசட் சுற்றியது, காகிதம் அதிர்ந்தது, விளக்கு எரிந்தது. மழைச் சத்தம்தான் கேட்டது. ஹில்டா வந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்து, "ஒண்ணுமே இல்லியே அண்ணா" என்றார். அமீருதீன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அடுக்களையிலிருந்து ஜஹீரா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். "இன்னாங்க இது, காது பொளக்குது! கொஞ்சம் கொறைங்க."

அமீருதீன் கேசட்டை நிறுத்தினார். மைக்கை எடுத்து, "ஜஹீரா" என்றார்.

"இங்கதானே நிக்கிறேன், எதுக்குக் கத்துறீங்க?" என்று சொல்லி முடித்த பிறகுதான் ஜஹீராவுக்கே விளங்கியது. கரண்டியோடு தரையில் உட்கார்ந்து அழுதார். அமீருதீனும் அழுதார், மைக்கை வாயருகே பிடித்தபடியே.

அந்தப் பெட்டி வேறு யார் காதுக்கும் பாடவில்லை. தெருவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கறிவேப்பிலை வேண்டுமென்றால் ஹில்டா வந்து மைக்கில் கேட்பார். சாயங்காலங்களில் அமீருதீன், தனக்கு ஒன்றுமே கேட்காத பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, குமிழைத் திருகி, "போதுமா?" என்று மைக்கில் கேட்பார். "இன்னும் கொஞ்சம் கொறைங்க" என்பார் ஜஹீரா. அவர் குறைப்பார்.