மணிக்கணக்கு கேட்டவள்

2024 நவம்பர் 12, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். நதியாவிடம், “நேத்து எத்தனை மணி நேரம் வேலை?” என்று கேட்டுவிட்டேன். “எத்தனை ஷிப்ட்?” என்று கேட்டிருக்க வேண்டும்.

எழுதியதை மைதிலி இரண்டு முறை படித்தாள். மாலை வகுப்பில் இதழியல் படித்த நாளிலிருந்தே நாட்குறிப்பில் அன்றன்றைய தவறைத்தான் முதலில் எழுதுவாள். ஆனால் இது சிறு தவறுதானா? பெருமாநல்லூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் யாரும் வேலையை மணியால் அளப்பதில்லை. ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், அவ்வளவுதான். மணி கேட்பவர்கள், தொழிலாளர் நிலையைச் சோதிக்க வெளிநாட்டிலிருந்து வரும் ஆடிட் ஆட்கள் மட்டுமே.

மைதிலி நிருபர். செய்திக்காகத் தொழிலாளியாகவே உள்ளே நுழைந்த பெண், அந்த வட்டாரத்தில் அவளுக்கு முன்னால் கிடையாது. பத்தொன்பது நாளாக, தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் நிற்கிறாள். மூன்றாம் மாடியின் அவசர வழிக் கதவு ஷிப்ட் முடியும்வரை பூட்டியே கிடப்பதை அவளுக்குக் காட்டியவள், அதே மேசையில் வேலை செய்யும் நதியா. போன மாதம் அயர்ன் மேசையில் புகை கிளம்பியபோது நூற்றுப்பத்துப் பெண்கள் அந்தக் கதவைத் தட்டினார்களாம். யாரும் வந்து திறக்கவில்லை.

இன்று காலையில் மைதிலி மணி கேட்டதும் நதியா சிரித்துவிட்டாள்.

“என்னக்கா, ஆடிட்டுக்கா வந்திருக்கீங்க? சொல்லியிருந்தா பவுடர் போட்டு வந்திருப்பேன்ல!”

மேசையே சிரித்தது. சூப்பர்வைசர் ரத்தினசாமி மட்டும் சிரிக்காமல் நடந்து வந்தார்.

“அம்மணி, இதுக்கு முன்னாடி எங்கீங்க வேலை?”

“மங்கலத்துலீங்க. தறிக் குடோன்ல.”

“அங்கயும் மணிக்கணக்குத்தானுங்களா?”

மைதிலி வாய் திறப்பதற்குள் அவர் நதியாவிடம் திரும்பிவிட்டார்.

“கண்ணு, கொஞ்சம் ஆபீஸ் ரூம் வரைக்கும் வந்துட்டுப் போங்க.”

குரலில் அத்தனை மரியாதை. மேசையில் மைதிலியோடு அதிகம் பேசுபவள் நதியாதான் என்பது அவருக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்கு நதியா வரவில்லை. மூன்று மணி டீக்கும் வரவில்லை.

“அவங்கம்மாவுக்கு முடியலையாம். ஊருக்குப் போயிட்டாளாம்,” என்றாள் எதிரே நின்ற ஷம்ஷாத், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “என்னைய ஒண்ணும் கேக்காதீங்கக்கா.”

ஷிப்ட் முடிந்ததும், காலையில் வாட்ச்மேனிடம் கொடுத்த செல்போனை வாங்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். போன்கள் கிடந்த பெட்டிக்குள் மைதிலி எட்டிப் பார்த்தாள். ஊருக்குப் போனதாகச் சொன்னவளின் போன் உள்ளேயே கிடந்தது. அடித்துக்கொண்டிருந்தது. திரையில் ‘அம்மா’ என்றிருந்தது. வாட்ச்மேன் மூடியை இழுத்து மூடினார்.

மைதிலி நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். “கம்பெனில கேட்டாச்சும்மா. ஊருக்குப் போயிருச்சாம். பெத்தவங்க வந்து சொல்லட்டும், பாக்கலாம்,” என்று அனுப்பிவிட்டார்கள். அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே கம்பெனியில் கேட்டுவிட்டிருக்கிறார்கள்.

தான் யார் என்று சொல்லிவிட்டால் இனி எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது. கதவுச் செய்திக்குப் படமும் கிடையாது, நதியாவின் வாய்ச்சொல்லும் கிடையாது. மைதிலி பேனாவைத் திறந்தாள்.

நாளை: காலை நான்கரை பஸ்ஸில் நதியாவின் ஊரான வேடசந்தூர் போக வேண்டும். அவள் அம்மாவை அழைத்து வந்து, நிருபர் என்று சொல்லியே, என் பெயரில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும்.