ஒரே பாடம், இரண்டு பட்டம்

மாலை வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் அரை டிக்கெட். கூடப் படித்தவர்கள் எல்லாம் அலுவலகம் முடிந்து கொட்டாவியோடு மேற்படிப்புக்கு வருகிறவர்கள்; அவள் இன்னும் பி.பி.ஏ.வையே முடிக்காதவள். பி.பி.ஏ.வையும் எம்.பி.ஏ.வையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு வருடம் மிச்சம் பிடிக்கிற படிப்பில் சேர்ந்திருந்தாள். அதில் கடைசி வருட பி.பி.ஏ. மாணவர்களை எம்.பி.ஏ. வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள். ஒரு பாடத்தில் தேறினால் அது இரண்டு பட்டத்துக்கும் சேரும். கேட்க இனிக்கத்தான் செய்யும். ஒன்றில் சறுக்கினாலும் எம்.பி.ஏ. கைவிட்டுப் போகும், பி.பி.ஏ.வும் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்பதை மட்டும் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதே வகுப்பில் அத்தானும் படித்தார். அக்காவின் கணவர். மேஜை, நாற்காலி, கட்டில் விற்கிற கம்பெனியில் டெலிவரி பிரிவு அவர் பொறுப்பு. எம்.பி.ஏ. இல்லாமல் பதவி உயர்வு கிடையாது என்று சொல்லிவிட்டதால் இந்த வயதில் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இருவர் இருவராகச் சேர்ந்து, தெரிந்த ஒரு கம்பெனியின் நிஜக் கணக்கை ஆராய வேண்டும் என்றதும், மச்சினியைச் சேர்த்துக்கொண்டு தன் பிரிவையே எடுத்துக்கொண்டார்.

கணக்குப் போடுவது அவள், திரையில் காட்டும் பக்கங்களைத் தயாரிப்பது அவர் என்று பேச்சு. டெலிவரி பிரிவு நஷ்டத்தில் ஓடுகிறது, அந்த வேலையை வெளியாருக்கு விட்டுவிடலாம் என்று அவள் கணக்கு சொன்னது. பார்த்துவிட்டு, "சரி குட்டி, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். பெரியவராயிற்றே என்று அவளும் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கவில்லை. படித்த முட்டாள்தனம் என்பது இதுதான்.

ஆய்வை வகுப்பின் முன் வைத்த அன்று, திரையில் டெலிவரி பிரிவு லாபத்தில் இருந்தது.

முன்வரிசையில் பேராசிரியை. பக்கத்தில், விருந்தினராக வந்திருந்த அதே கம்பெனியின் பொது மேலாளர்.

"கீறல் விழுந்த மேஜைய வாங்கினவங்க திருப்பி அனுப்பறாங்க. வேற மேஜையோட வண்டி மறுபடி போகுது" என்றார் பேராசிரியை. "அந்தச் செலவு எந்தப் பிரிவோடது?"

"கடைக் கணக்குல இருக்கு மேடம்" என்றார் அத்தான்.

"வண்டி உங்களோடது. செலவு மட்டும் எப்படிக் கடைக்குப் போச்சு?"

அத்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். "கணக்குப் போட்டது இவதான். இவளையே கேளுங்க."

சொந்த மச்சினியை இப்படி முச்சந்தியில் நிறுத்திவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடித்த மனிதரை என்ன சொல்வது? அவளுக்குக் காது மடல் எரிந்தது.

"இது உங்க கணக்கா?" பேராசிரியை குரலை உயர்த்தவில்லை. "ஆமான்னா என்னால பாஸ் போட முடியாது. இல்லன்னா சரியானத போர்டுல போட்டுக் காட்டுங்க."

ஆமாம் என்றால் எம்.பி.ஏ. போயிற்று, பி.பி.ஏ.வும் ஒரு வருடம் தள்ளிப்போகும். இல்லை என்றால் அத்தான் தன் மேலதிகாரி முன்னாலேயே மாட்டிக்கொள்வார். அவரோடு அக்காவும்தான். தினமும் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அக்கா. அத்தான் இவள் பக்கமே திரும்பவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால்கூட அவள் பழியை ஏற்றிருப்பாளோ என்னவோ.

எழுந்து போய் மார்க்கரை எடுத்தாள். திரும்பப் போன வண்டிகளின் செலவை டெலிவரி கணக்கில் எழுதிக் கூட்டினாள். லாபம் நஷ்டமானது.

பொது மேலாளர் போர்டைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்தார். "இந்த நஷ்டம் எங்களுக்கு முன்னாடியே தெரியும். நீங்க அத ஒத்துக்கறீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

அத்தான் பாட்டிலை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை.

பேராசிரியை அவளுக்குத் தேர்ச்சி என்றார். அத்தானைத் தனியாக வந்து பார்க்கச் சொன்னார்.

இருவரும் வந்தது அத்தானின் காரில். போக வேண்டியதும் அதில்தான். ஏறி உட்கார்ந்தும் அவர் காரைக் கிளப்பவில்லை.

"என்னை எதுக்கு மாட்டிவிட்டீங்க அத்தான்?"

"பயந்துட்டேன்" என்றார். "பிரிவ மூடினா என் பசங்க எங்க போவாங்க குட்டி? கட்டில முதுகுல சுமந்து நாலு மாடி ஏறறவங்க. உன் கணக்குல அவங்க ஒரு வரி."

ஆள் கூலி என்று அவள் எழுதியிருந்த வரிதான் அது. அதை எழுதும்போது ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை என்பது இப்போது உறைத்தது. அதற்காக அவர் செய்தது நியாயமாகிவிடுமா? ஆகாது. கோபமும் அப்படியே இருந்தது, வெட்கமும் கூடவே இருந்தது. இரண்டில் எதைப் பேசுவது என்றுதான் தெரியவில்லை.

அவர் போன் அடித்தது. அக்கா. அவர் அதை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"நீயே சொல்லு. நீதான் நல்லா விளக்குவியே."

காதில் வைத்தாள். "ரெண்டு பேரும் பாஸா?" என்று கேட்ட அக்காவின் குரலில் சிரிப்பு இருந்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனை அத்தானுக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள்.