சுங்காய்க்கு இருந்த ஒரே பெயர்

ஓய்வுபெற்ற பொறியாளர் குலசிங்கம், கடைச் சரக்கைப் பதிந்துவைக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதி, அதன் வரிகளையும் மறைக்காமல் ஈப்போ கணினி மன்றத்துக்குக் கொடுத்திருந்தார். யாரும் நகல் எடுக்கலாம், திருத்தலாம். சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? அதற்குத்தான் மன்றத்தில் வேலை பார்த்த நவமணியின் கையேடு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எந்த ஊரில் யார் உதவுவார், என்னென்ன மொழி பேசுவார் என்று நான்கு மொழிகளில் தொகுத்து வந்தாள். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்கு அது கோயிலில் விளக்கேற்றுவது போன்ற வேலை.

ஆண்டுக்கொரு முறை கையேட்டில் உள்ள எல்லாருக்கும் ஓர் அட்டை போகும். கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பாதவர் பெயர் நீங்கும். 1987இல், புதிதாகச் சேர்ந்த பத்துமலையின் அட்டை வரவில்லை. சுங்காய் ஊருக்குக் கையேட்டில் இருந்ததே அவன் ஒருவன்தான்.

"விதி விதிதான், பிள்ளை. பதில் போடாதவன் ஆபத்துக்கு வருவானோ?" என்றார் குலசிங்கம்.

"திங்கக்கிழமைதானே சார் அச்சுக்குப் போகுது. நாளைக்கு நேர்ல போயி பாத்துட்டு வாரேன்."

ஞாயிறு காலை பஸ் ஏறினாள். விசாரித்துக்கொண்டு போனபோது, பத்துமலை ஓர் இரும்புச் சாமான் கடையில் கணினி முன் உட்கார்ந்து, கடைக்காரச் சீனருக்கு அவர் மொழியிலேயே விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் வேலை. ஓய்வு நாளில் இந்த ஊழியம்.

"கார்டு கெடைக்கலையா, தம்பி?"

"கெடைச்சிச்சேக்கா. வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்."

வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு.

"மன்றத்து சர்ட்டிபிகேட்டுலா. எம் பேர டைப் அடிச்சு வந்த மொத காயிதம்."

"அதுல இருக்கிறத படிச்சீங்களா?"

"கம்ப்யூட்டர் இங்கிலீசு நல்லா வரும்க்கா. கடுதாசி இங்கிலீசுதான் வராது. மன்றத்து முத்திரை இருந்திச்சு, அது போதும்னு வச்சிட்டேன்."

நவமணிக்குச் சுருக்கென்றது. கையேட்டை நான்கு மொழியில் போடுகிறவள், அட்டையை ஆங்கிலத்தில் மட்டுமே அனுப்பியிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி எழுதியிருக்கேன் தம்பி. தப்பு என்னோடது."

அவன் முகம் வாடியது. சட்டத்தை இறக்கக் கை நீட்டினான். "பேரு போயிடுமாக்கா?"

"போகாது. அத எறக்காதீங்க, அங்கேயே இருக்கட்டும்."

ஒரு வெள்ளைத் தாளில் அதே செய்தியைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அவன் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டான்.

"சேரும்போது தமிழ், மலாய் ரெண்டுதானே குடுத்தீங்க. சீனம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"முந்தி வேல பாத்த மோட்டார் பட்டறையில சீன மொதலாளி ஏசி ஏசியே கத்துக் குடுத்தாரு. அதெல்லாம் ஒரு படிப்பான்னு எழுதல."

திங்கள் காலை, நடந்ததை நவமணி சொன்னதும், குலசிங்கம் அந்தத் தாளை இருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன வருசம் எத்தனை பேரை வெட்டினம்?"

"ஏழு பேரு, சார்."

"அந்த முகவரியளைத் தாரும். தமிழிலை நான் எழுதுறன். மற்ற மொழியளுக்கு நீர் ஆளைப் பிடியும்."

நவமணி தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகினாள். சுங்காய்க்கு நேரே, பத்துமலை: தமிழ், மலாய், காண்டனீஸ் சீனம் என்று ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அடித்தாள். தன்னுடைய பெயரையே அச்சில் பார்ப்பது போலிருந்தது அவளுக்கு. கடைசிப் பக்கத்தில், நீக்கிய அந்த ஏழு பேருக்கும் இடம் விட்டாள்.